குறிஞ்சியும் நெய்தலும் கூடும் ஊர்

நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, அவ்வத் திணைக்குரிய தெய்வமும் தொழிலும் பூவும் பறவையும் இவையென வகுத்துத் தந்தனர் எம் முன்னோர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். எமது கல்லூரியின் கீழ்வகுப்பிலே இதனை மனனஞ் செய்தோர் எவரும் மறந்திரார். குறிஞ்சிக்கு முருகன், நெய்தற்கு வருணன். அங்கே தினைப்புனம், இங்கே உப்பளம். ஏட்டிலே பக்கத்துப் பக்கத்தே நிற்கும் இவ்விரண்டும் எம் நாட்டிலே நெடுந்தூரம் பிரிந்து கிடப்பன. புத்தளக் கரையிலே பிறந்தவர்க்குக் குறிஞ்சி என்பது பாடப்புத்தகத்துச் செய்தி. நெய்தல் என்பது வாசற்படி.

உடப்பிலே பிறந்த எமக்கு, ஏறுவதற்கு உயரமென்று வாய்த்தவை தென்னையும் கோயில் மதிலுமே. மேற்கே கடல், கிழக்கே முந்தல் களப்பு, இடையே கைவிரல் போல் நீண்ட மணற்பரப்பு. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் விடியுமுன் செவியில் விழும். எமது மாவட்டத்தின் வடபாலிலே குதிரைமலை என்று ஒரு முனை உண்டு. மலை என்னும் பெயர் பூண்டதேயன்றி அதுவுங் கடலோரத்துச் செம்மண் மேடேயாம். இத்தகைய சமநிலத்து மாந்தராகிய நாம், மலையே ஊராகவும் ஊரே மலையாகவும் விளங்கும் அந்நிய நகர் ஒன்றிலே குடியமர்ந்த வரலாற்றை இவ்விழா மலரிலே சிறிது கூற விழைகின்றோம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் இன்று பலர். கடல்கடக்க எண்ணும் இளைஞரும் பலர். அவர்க்கு இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

எமது இல்லாள் தாதித் தொழில் கற்றவர். அவருக்கு நியூசிலாந்து நாட்டின் தலைநகராகிய வெலிங்டனிலே வேலை கிடைத்தமையால், 2017 ஆம் ஆண்டு சனவரியில், ஏழு வயது மகளுடன் நாமும் அந்நகரை அடைந்தோம். அரசினர் பாடசாலைகளிலே 14 ஆண்டு தமிழ் கற்பித்த பின்னர் அப்பணியை நீங்கிச் சென்றோம். புறப்படுமுன் எம் அன்னையார் கேட்ட கேள்வி ஒன்றே: “அங்கே கடல் இருக்குதா, தம்பி?” இருக்கின்றது என்றோம். “அப்படியென்றால் பயமில்லை” என்று கூறித் திருநீறு பூசி அனுப்பினார்.

கடல் இருந்தது. ஆனால் அதனைச் சுற்றி மலைகளும் இருந்தன. வெலிங்டன் நகரம் தென் அகலக்கோடு 41 பாகையிலே, நாட்டின் வடதீவு முடிவுறும் இடத்திலே அமைந்துள்ளது. ஆழமான துறைமுகம் ஒன்றை அரைவட்டமாய் வளைத்து நிற்கும் குன்றுகளின் சரிவுகளிலே, படிக்கட்டிலே கொலு வைத்தாற் போல, மரத்தாலாய வீடுகள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. 1865 முதல் அந்நாட்டின் தலைநகர் அது. ஏறியிறங்கும் வருத்தத்தைக் குறைக்கும் பொருட்டு, கம்பி வடத்தால் இழுக்கப்படும் வண்டி ஒன்றை 1902 இலே அமைத்தனர். கடைவீதியிலே ஏறிச் சில நிமிடத்தில் குன்றின் உச்சியிலே இறங்கலாம். எம் வீட்டுக்கோ அத்தகைய வண்டி இல்லை. தெருவிலிருந்து வாயில் வரை 84 படிகள். அரிசிப் பையைத் தோளிலே சுமந்து அப்படிகளை முதன்முதல் ஏறிய மாலையிலே, பழனிக்குக் காவடி எடுப்போரின் நிலை எமக்குச் செவ்வனே விளங்கிற்று.

மரவீடு கண்டு முதலிலே வியந்தோம். கல்வீடு கட்டுதலே வாழ்வின் பேறென்று எண்ணும் நாட்டினரன்றோ நாம்! அயலவரை வினவியபோது காரணம் தெரிந்தது. 1848 இலும் 1855 இலும் நிலம் பெரிதும் நடுங்கிற்று. செங்கல்லாலும் கல்லாலும் கட்டியவை இடிந்தன. மரத்தாலானவை வளைந்து கொடுத்து நின்றன. அதன்பின் ஊரவர் மரத்தையே நம்பினர். 1876 இலே எழுப்பிய அரசாங்க மாளிகையும் தோற்றத்திலே கல்லாயினும் உண்மையிலே மரமேயாகும். நாம் சென்றிறங்குவதற்கு இரு திங்களுக்கு முன்னர், 2016 நவம்பர் 14 ஆம் நாள், கைக்கோராப் பகுதியிலே எழுந்த பெருநடுக்கம் இந்நகரையும் உலுக்கியிருந்தது. விரிசலுற்ற கட்டடங்களைச் சுற்றி வேலியிட்டிருந்தனர். ஐலண்ட் பே என்னுங் கடற்புறத்துத் தெருக்களிலே நீலக்கோடுகள் வரையப்பட்டிருந்தன. கடல் பொங்கினால் அக்கோட்டிற்கு அப்பால் ஓடி ஏறுக என்பது பொருளாம். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட தீவிலிருந்து வந்த எமக்கு, அக்கோட்டின் பெருமையை எவரும் விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

இனிக் காற்றைப் பற்றிக் கூறவேண்டும். காற்றை அறியாதவர் கடற்கரையார் அல்லர். கச்சான் பெயர்ந்தால் எம் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓயும். வாடை பிறந்தால் உடல் கூதலுறும். தென்றல் வந்தால் மனங் குளிரும். மாம்புரிக் கரையிலே இன்று காற்றாடிகள் நின்று மின்சாரம் ஈட்டுவதும் அக்காற்றின் வலியாலன்றோ! வெலிங்டனும் காற்றின் ஊரே. இரு தீவுகளுக்கிடையே உள்ள குக் நீரிணை ஒரு புனல் போல நின்று காற்றைக் குவித்து இந்நகர் மீது ஏவுகின்றது. புரூக்லின் குன்றின் மேல் 1993 முதல் காற்றாடியும் நிறுவியுள்ளனர். ஆயினும் திசைகள் தலைகீழாய் நின்றன. வடக்கிலிருந்து வருங் காற்று வெதுவெதுப்பானது. தெற்கிலிருந்து வருவதோ பனிக்கண்டத்தின் மூச்சு, எலும்பை ஊடுருவுவது. நண்பகற் கதிரவன் வடவானிலே நின்றான். தைப்பொங்கல் நடுக்கோடையிலும், தீபாவளி இளவேனிலிலும் வந்தன. ஆடியிலே எம்மூர்த் திரௌபதை அம்மன் முன்றிலிலே தீமிதிப்பு நிகழும் காலத்தில், நாம் கம்பளி போர்த்துக் கைகளை நெருப்பருகே நீட்டியிருந்தோம்.

ஊரும் பொழுதும் இவ்வாறு புரண்டு நின்றமை போலவே எமது தொழிலும் புரண்டது. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் எமது சான்றிதழ், எம் நாட்டிலே ஒரு குடும்பத்தின் கௌரவம். எம் தந்தையார் அதனைச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டி வைத்திருந்தார். வெலிங்டனிலே ஆசிரியராய்ப் பதிவு பெறுதற்கு அது போதாது, மேலும் சில ஆண்டு கற்றல் வேண்டும் என்று அறிவித்தனர். அந்நாட்டு விதி அஃது. அதனிலே குறைகாண நாம் விரும்பவில்லை. ஆனால் நாற்பதை அணுகும் வயதிலே, “நீர் யார்?” என்பார்க்கு இதுகாறும் சொல்லி வந்த விடை ஒரு கடிதத்தாலே செல்லாததாகிவிடும்போது, மனிதன் உள்ளூரத் தளர்கின்றான் என்பதை மறைக்கவும் விரும்பவில்லை. முதியோர் இல்லம் ஒன்றிலே பணியாளராய்ச் சேர்ந்தோம். உணவு ஊட்டுதல், உடை மாற்றுதல், நடைக்குத் துணைசெல்லுதல் ஆகியன எம் கடமைகள்.

அங்கே எமக்கு நேர்ந்த இடர் ஒன்றைச் சொன்னால் இளைஞர் நகைக்கக்கூடும். எண்பது வயது மூதாட்டியைப் பெயர் சொல்லி அழைத்தல் அவ்விடத்து வழக்கம். அவர்களும் அதனையே விரும்புவர். எமக்கோ நா எழவில்லை. ‘அம்மா’ என்றோ ‘ஐயா’ என்றோ சேர்க்காமல் ஒரு முதியவரின் பெயரை உச்சரிப்பது, செருப்போடு கோயிலுள் நுழைவது போலிருந்தது. அவ்வில்லத்திலே மவோரி இனத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். எமது தயக்கத்தைப் பல நாள் கவனித்தவர், ஒருநாள் அருகழைத்து, “என்னைக் கோரோ என்று கூப்பிடு, அது எங்கள் மொழியிலே பாட்டனுக்குச் சொல்லும் சொல்” என்றார். பெண்களுள் மூத்தோரை ‘ஃபையா’ என்பராம். தாய்க்கும் சிறிய தாய்க்கும் ஆசிரியைக்கும் அதுவே சொல். அன்று முதல் எமது நா விடுதலை பெற்றது. அந்நாட்டின் ஆதிக்குடிகளிடத்தே எம் ஊர் வழக்குக்கு உறவான ஒன்றைக் கண்டமை, குடியமர்வின் முதற்படியாய் எமக்குத் தோன்றிற்று.

நிற்க. குடியேறுதல் என்பது எம் கரைக்குப் புதியதன்று. உடப்பு மக்களின் முன்னோர் சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி வந்தனர் என்பது எம் ஊரிலே வழிவழி வழங்குஞ் செய்தி. பிற்காலத்திலே நாம் கண்கூடாகக் கண்ட குடியேற்றமும் உண்டு. 1990 அக்டோபர் இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் 70,000 இற்கு மேற்பட்டோர். அவருள் மிகப் பலர் எம் மாவட்டத்திற்கே வந்தனர். மன்னார்க் கரையிலிருந்து தோணிகளிலே கற்பிட்டியில் வந்து இறங்கினோரும் பலர். அக்காலை எமக்குப் பத்து வயது. கையிலே ஒரு பையும், இடுப்பிலே ஒரு பிள்ளையுமாய் அவர்கள் தெருவோரத்திலே அமர்ந்திருந்த காட்சியும், பின்னர் தென்னந்தோட்டங்களிலே கிடுகுக் கொட்டில்கள் வரிசை வரிசையாய் எழுந்த காட்சியும் நினைவிலுள்ளன. தண்ணீருக்கும் தொழிலுக்கும் பாடசாலை இடத்திற்கும் இருந்தோர்க்கும் வந்தோர்க்குமிடையே நெருக்கடி தோன்றியதும் உண்டு. ஒரு சட்டியிலே சமைத்து உண்டதும் உண்டு.

அம்மக்களுள் ஒருவர் பின்னாளிலே எம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பித்தார். அவர் ஒருமுறை கூறினார்: “முதல் வருடம் முழுதும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். உம்மா ஒருநாள் கொட்டிலின் பின்னால் முருங்கைத் தடி ஒன்றை நட்டுவிட்டா. அன்றைக்கு வாப்பா அழுதார். அதற்குப் பிறகு ஒருவரும் நாள் எண்ணவில்லை.” அந்நாளிலே இது எமக்கு ஒரு செய்தியாயிருந்தது. வெலிங்டனிலே, 84 படிகளுக்கு மேலே நின்று துறைமுகத்தை நோக்கும் மாலைகளிலேதான் அதன் பொருள் எம்முள் இறங்கிற்று. மரம் நடுபவன் திரும்பிச் செல்லுதலைக் கைவிடுகின்றான் என்பதன்று. நிற்கும் இடத்திலே நிற்கத் துணிகின்றான் என்பதே. எம் நாட்டிலிருந்து துரத்தப்பட்டும் வறியராயும் வந்தோரை நோக்க, விமானமேறி வேலையின் பொருட்டு வந்த எமது துன்பம் சிறிதே. அதனை உணர்ந்த பின்னர் முறையிடுதலைக் குறைத்துக்கொண்டோம்.

ஐலண்ட் பே என்று மேலே கூறிய கடற்புறத்திலே, இத்தாலி நாட்டு மீனவர் சென்ற நூற்றாண்டுக்கு முன்னரே வந்து குடியமர்ந்து வலைவீசி வாழ்ந்தனர். அக்கரையிலே நின்று அவர்தம் வழித்தோன்றல்கள் படகு பேணுவதைக் காணும்போது, மீன்பிடிப்போர் உலகெங்கும் ஒரே குலம் என்னும் எண்ணம் எழும். நாமும் எம் வளவின் சரிவைப் படிப்படியாய் வெட்டி, முதலிலே கறிவேப்பிலையை நட்டோம். முதற்குளிரிலேயே அது கருகிற்று. முருங்கையை அந்நிலம் ஏற்காது. அயல்வீட்டு முதியவர் கொடுத்த உருளைக்கிழங்கை நட்டோம். அது விளைந்தது.

இரண்டாம் ஆண்டிலே, தமிழ்க் குடும்பத்தினர் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கத் தொடங்கினோம். இந்நகரிலே ஈழத்தவரும் தமிழகத்தவரும் மலேசியத் தமிழரும் கலந்து வாழ்கின்றனர். நியூலண்ட்ஸ் என்னும் மேட்டுப் பகுதியிலே குறிஞ்சிக்குமரன் ஆலயமும் எழுந்துள்ளது. மலைநகரிலே கோயில் கண்டோர் முருகனைக் குறிஞ்சிக்குரியோனாகவே நினைந்து பெயரிட்டமை, தமிழாசிரியராகிய எமக்குப் பேருவகை தந்தது.

அவ்வகுப்பிலே பிள்ளைகளிடத்து நாம் கற்றவை சில. ஒருநாள் ‘தென்றல்’ என்னும் சொல்லை விளக்கி, தெற்கிலிருந்து வரும் இனிய காற்று என்றோம். உடனே ஒரு சிறுவன் எழுந்து, “சேர், தெற்குக் காற்று வந்தால் ஸ்கூலிலே வெளியிலே விளையாட விடமாட்டார்கள். அது எப்படி இனிமை?” என்றான். நியாயமான வினா. தேசப்படத்தை விரித்தோம். தமிழ் பிறந்த நிலத்திலே தெற்கே நின்று வருங் காற்று எத்தகையது, இந்நகரின் தெற்கே என்ன உள்ளது என்பவற்றைக் காட்டினோம். சொல்லுக்கும் ஊர் உண்டு என்பதைப் பிள்ளைகள் கண்டனர். “அப்படியானால் இவ்வூரின் குளிர்காற்றுக்குத் தமிழிலே நீங்களே ஒரு பெயர் இடுங்கள்” என்றோம். பலரும் பலவாறு கூறிய பின், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ‘தென்வாடை’ என்றாள். எமது வகுப்பிலே இன்றும் அதுவே வழக்கு. எந்த அகராதியிலும் இல்லாத அச்சொல்லைக் கேட்டபோது, இம்மொழி அக்குன்றுகளிலும் வேர்கொள்ளும் என்னும் நம்பிக்கை பிறந்தது.

இன்னொரு நாள் ஙகர வரிசை எழுதச் சொன்னோம். “ஙா, ஙி, ஙீ என்று ஒரு சொல்லும் இல்லையே, பின் ஏன் எழுதவேண்டும்?” என்று முறையிட்டனர். தமிழிலே ஙகரம் பெரும்பாலும் ககரத்தின் முன் ஒற்றாய் ஒண்டி நிற்பதன்றிச் சொல்லின் முதலிலே தலைநிமிர்ந்து வருதல் அரிது. மவோரி மொழியிலோ அவ்வொலி சொல்லுக்கு முதலிலே தாராளமாய் வருகின்றது. வெலிங்டனிலே ஒரு மரத்தின் பெயரால் வழங்கும் பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதன் முதலொலியை உச்சரிக்க இடர்ப்பட்டுத் திரித்துவிட்டனர். எம் பிள்ளைகள் அதனை ‘ஙையோ’ என்று தமிழிலே பிழையற எழுதிவிட்டுக் கைகொட்டி நகைத்தனர். பல தலைமுறையாய் வேலையற்றிருந்த எழுத்துக்கு அன்று வேலை கிடைத்தது. சான்றிதழ் செல்லாத எமக்கும் அதனோடு ஓர் ஒற்றுமை தோன்றாமலில்லை.

மவோரி மொழியின் வரலாற்றை இவ்விடத்திலே மாணவர் அறிதல் நன்று. முற்காலத்திலே அந்நாட்டுப் பாடசாலைகளில் மவோரிப் பிள்ளைகள் தம் தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பேசுவோர் குறைந்து, முதியோர் மாத்திரமே பேசும் மொழியாய் அது தேய்ந்தது. 1972 இலே 30,000 இற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம், பாடசாலைகளில் அம்மொழியைக் கற்பிக்க வேண்டி, பாராளுமன்றத்திலே சமர்ப்பிக்கப்பட்டது. 1982 இலே, வெலிங்டனுக்கு அண்மையிலே மலைக்கப்பாலுள்ள வைனுயோமாத்தா என்னும் ஊரில், முதலாவது ‘கோஹஙா ரேயோ’ தொடங்கிற்று. மொழிக்கூடு என்பது அதன் பொருள். குஞ்சுகளைக் கூட்டிலே வைத்து இரையூட்டுமாறு போல, பாட்டிமார் பச்சிளம் பிள்ளைகளுடன் அம்மொழியிலேயே பேசி, பாடி, உணவூட்டினர். 1987 இலே அம்மொழி சட்டத்தால் அரசகரும மொழியாயிற்று. மொழியைக் காப்பது மேடையன்று, மடி என்பதை இவ்வரலாறு எமக்குக் கற்பித்தது. அதன்பின் எமது வகுப்பிலே பாட்டன் பாட்டிமாரையும் அழைத்து அமர்த்தினோம். இலக்கணம் நாம் கூறுவோம். கதை அவர்கள் கூறுவர்.

இனி எம் மகளைப் பற்றிய செய்தி ஒன்று. தன்னை அறிமுகஞ் செய்யுமிடத்து மவோரியர் முதலிலே தம் பெயரைக் கூறார். என் மலை இது, என் நீர் இது, என் முன்னோர் வந்த ஓடம் இது, என் குலம் இது என்று கூறி, இறுதியிலேயே பெயரைக் கூறுவர். ‘பெப்பெஹா’ என்பது இதன் பெயர். பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பிக்கின்றனர். ஒருநாள் மாலை எம் மகள் தாளும் எழுதுகோலுமாய் வந்து, “அப்பா, எங்கட மலை எது?” என்று வினவினாள்.

விடை எளிதாயிருக்கவில்லை. உடப்பிலே மலை ஏது? சிவனொளிபாதத்தைச் சொல்வதா? அதனை நாம் ஏறியறியோம். இமயத்தைச் சொல்வதா? அது வெறும் பெருமை. “எங்களுக்கு மலை இல்லை, மகள், கடல்தான் உண்டு” என்றோம். அவள் சற்றே வாடினாள். மறுநாள் தானே ஒரு முடிவு செய்து எழுதிக் கொணர்ந்தாள். தன் மலை கௌகௌ. தன் நீர் உடப்புக் கடல். தன் ஓடம் தோணி. தன் குலம் தமிழ். கௌகௌ என்பது எம் வீட்டுச் சாளரத்திலே தெரியும் குன்று. 445 மீட்டர் உயரம். உச்சியிலே ஒலிபரப்புக் கம்பம் நிற்பது. அதன்மேல் அவள் பலமுறை ஏறியிருக்கின்றாள். உடப்புக் கடலிலே அவள் நீராடியிருக்கின்றாள். ஒரு சொல்லும் பொய்யில்லை.

நாம் நெடுநேரம் அத்தாளை நோக்கியிருந்தோம். ஒரு திணைக்குரியது இன்னொரு திணையிலே வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்பர் இலக்கண நூலார். அதனை வகுப்பிலே பன்முறை விளக்கியிருக்கின்றோம். ஆயினும் அது எம் வீட்டுக்குள்ளேயே, எட்டு வயதுப் பிள்ளையின் கையெழுத்திலே, குறிஞ்சியை இந்நாட்டிலிருந்தும் நெய்தலை அந்நாட்டிலிருந்தும் எடுத்துக் கூட்டி நின்றது. குடியமர்தல் யாதென வினவுவார்க்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே: பழைய கடலை விடாமல், புதிய மலையை எமது என்று கூறத் துணிதல். கடலை மாத்திரம் பற்றிக்கொண்டோர் அங்கே என்றும் விருந்தினராயிருந்து வாடுவர். மலையை மாத்திரம் பற்றிக்கொண்டோர் தம் பிள்ளைகள் “எங்கள் நீர் எது?” என்று வினவும் நாளிலே வாயடைத்து நிற்பர்.

அவ்வாறு நிற்கும் நிலைக்கு வெலிங்டனிலேயே ஒரு சான்று உண்டு. துறைமுகத்தின் கரையிலே 1998 இலே திறக்கப்பட்ட தே பாப்பா என்னும் அருங்காட்சியகத்தின் சேமிப்பில், உடைந்த வெண்கல மணி ஒன்று உள்ளது. 1836 அளவிலே வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார், நாட்டின் வடபகுதியில் வங்ஙாரைக்கு அண்மையிலே, மவோரிப் பெண்கள் அதனைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு அவிக்கும் கலமாய்ப் பயன்படுத்தக் கண்டார். காற்றிலே சாய்ந்த பெருமரம் ஒன்றின் வேரடியிலே அது கிடைத்ததாக அவர்கள் கூறினர். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அவர் அதனைப் பெற்றுக்கொண்டார். அவர் 1899 இலே காலமானபின் அது அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் விளிம்பைச் சுற்றியிருந்த எழுத்து தமிழ்! முகையதீன் பக்சு என்பாரின் கப்பலுக்குரிய மணி என்பது அதன் பொருள். எம் கடல்களிலே மரக்கலம் ஓட்டிய தமிழ் முஸ்லிம் ஒருவரின் கப்பல் மணி, அத்துணைத் தொலைவுக்கு எவ்வாறு சென்றது என்பதைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர்.

அதன் படத்தை வகுப்பிலே பிள்ளைகளுக்குக் காட்டினோம். எழுத்தின் வடிவம் பழையதாகலின் முதலிலே திகைத்தனர். பின்னர் ‘தென்வாடை’ என்று பெயரிட்ட அச்சிறுமியே கடைசிச் சொல்லிலே விரல்வைத்து, “மணி” என்று வாசித்தாள். வகுப்பு முழுதும் எழுந்து வந்து அப்படத்தைச் சூழ்ந்தது.

அம்மணியைக் கலமாய்ப் பயன்படுத்திய பெண்கள் அதற்குத் தீங்கு செய்தாரல்லர். அவர்கள் எடுத்து வைத்திராவிடின் அது மண்ணோடு மண்ணாயிருக்கும். புதிய ஊரிலே புதிய பயன் பெற்று வாழ்ந்தது அம்மணி, அது நல்வாழ்வே. ஆயினும் தன் விளிம்பிலே சுமந்த எழுத்து என்ன சொல்கின்றது என்பதை, அருகிலிருந்தார் ஒருவருக்கும் அதனாற் சொல்ல இயலவில்லை. கடல்கடந்து வாழும் எம் பிள்ளைகளும் அந்நாட்டுக்குப் பயன்படுவோராய் வளர்தல் வேண்டும், அதிலே ஐயமில்லை. ஆனால் தமிழ்ப்பெயர் தாங்கியும் அப்பெயரைத் தமிழெழுத்திலே வாசிக்க மாட்டாதவராய் அவர்கள் வளர்வாராயின், அம்மணிக்கும் அவர்க்கும் வேற்றுமை யாது? எமது சான்றிதழ் அங்கே ஏட்டிலே ஏறாவிடினும், அதற்குரிய வேலை இதுவென்று அன்று தெளிந்தோம். வாரநாளிலே முதியோர்க்குத் துணை. சனிக்கிழமையிலே சிறியோர்க்கு எழுத்து. இரண்டும் நல்ல தொழிலே.

இனி, எமக்குத் திணை கற்பித்த கல்லூரியிலே இன்று பயிலும் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். எமது சனிக்கிழமை வகுப்பிலே 14 பிள்ளைகள் உளர். அவர்க்குத் தமிழ் எழுத்து வரும். ஆனால் அவ்வெழுத்திலே அவர்க்குக் கடிதம் எழுதுவார் எவருமிலர். பாடப்புத்தகத்தை வாசிப்பது கடமை. தன் பெயருக்கு வந்த கடிதத்தை வாசிப்பது ஆசை. ஆதலின், ஆசிரியரின் அனுமதியுடன் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதுங்கள். கச்சான் இவ்வாண்டு எப்போது பெயர்ந்தது, வலையிலே என்ன பட்டது, களப்பிலே நீர் எவ்வளவு நிற்கின்றது, உப்பளத்திலே எத்தனை பேர் வேலை செய்கின்றனர், உங்கள் வீட்டு முருங்கையிலே காய் உண்டா என்பவற்றை எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டா. கண்டதை எழுதினாற் போதும். அவர்கள் தென்வாடையைப் பற்றியும், மரவீட்டைப் பற்றியும், மேகம் வந்து வாசலிலே நிற்கும் காலையைப் பற்றியும் மறுமொழி எழுதுவர். எழுத்துப்பிழை இருப்பின் பொறுத்தருள்க. கல்லூரி அலுவலகத்திலே மலர்க் குழுவினரிடம் கடிதங்களைச் சேர்ப்பித்தால், அவர்கள் எமக்கு அனுப்பி வைப்பர்.

மலையில்லாத கரையிலே நின்று மலையைக் கற்பித்த எம் ஆசான்மார்க்கு வணக்கம். கல்லூரி நீடு வாழ்க.